சாமையா, சுண்டலா, கோசம்பரியா: மதிய டப்பாவுக்கு எது சரிவரும்?

எங்க வீட்ல காலைல 6:50க்கு மூணு டப்பா மூடி போட்டு ரெடியா இருக்கணும். ஒண்ணு பொண்ணுக்கு, மத்த ரெண்டும் எங்களுக்கு. மனைவிக்கு வேளச்சேரில ஏழு மணி சுமாருக்கு ட்ரெயின், அதனால டப்பா கட்டறது ரெண்டு வருஷமா என் டிபார்ட்மென்ட்தான். மொதல்ல லெமன் சாதம், புளிசாதம், தக்காளி சாதம்னு மூணையே சுத்திச் சுத்தி ஓட்டிட்டு இருந்தேன், அப்புறம் டாக்டர் எனக்கு சுகர் பார்டர்ல நிக்குதுன்னு சொல்லிட்டார், சாதத்தை பாதியாக்கு காயை ரெட்டிப்பாக்குன்னார், அங்க ஆரம்பிச்சது இந்த சாலட், பவுல் எல்லாம்.

எங்கம்மாகிட்ட போன்ல "இப்பல்லாம் கிரெய்ன் பவுல்தாம்மா கொண்டு போறேன்"னு பெருமையா சொன்னேன். என்னடா அதுன்னு கேட்டாங்க, வெளக்கினேன். முழுசா கேட்டுட்டு "கலந்த சாதத்துல காயை கொஞ்சம் தாராளமா அள்ளிப் போட்டிருக்க, அவ்ளோதானே"ன்னாங்க. அவ்ளோதான், எனக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

விஷயத்துக்கு வரேன். மதிய டப்பாவுக்குன்னு பாத்தா நம்ம கையில மூணு வழி இருக்கு. வெறும் காய் சாலட், சுண்டல் இல்ல பயறை வெச்சு பண்ற சாலட், தானியத்தை அடியில போட்டு மேல பயறும் காயும் வெச்ச பவுல். எது ரொம்ப ஹெல்தின்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்வாங்க, நான் அந்தக் கேள்வியை விட்டுட்டேன். நான் பாக்கறது மூணே மூணு: காலைல எத்தனை நிமிஷம் ஆகுது, மதியம் ஒரு மணிக்கு டப்பாவைத் தொறக்கறப்ப எப்படி இருக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு பஜ்ஜி கடை பக்கம் கால் போகுதா இல்லையா.

வெறும் காய் சாலட்டை முதல்ல முடிச்சுடறேன், அது எங்க வீட்ல தோத்துப்போன கேஸ். முதல் வாரம் ஆர்வக்கோளாறுல லெட்டூஸ் எல்லாம் வாங்கினேன். சென்னை வெயில்ல மே மாசம் அது டப்பாக்குள்ள அஞ்சு மணி நேரம் இருந்தா என்ன ஆகும்னு எவனும் எனக்குச் சொல்லல. தொறந்தா ஊறின பேப்பர் மாதிரி கிடக்கு. அடுத்த நாள் வெள்ளரிக்கா, தக்காளி, வெங்காயம், உப்பு, எலுமிச்சை எல்லாம் காலைலயே கலந்து கட்டினேன், உப்பு காயில இருக்கற தண்ணியை இழுத்து வெளிய விட்டுடும் இல்லையா, மதியம் பாத்தா அரை டம்ளர் தண்ணி, அதுல காய் மிதக்குது, மூடி வழியா கசிஞ்சு பையில இருந்த ஒரு ஃபைல் ஈரமாகி அதுக்கு வேற ஆபீஸ்ல பேச்சு வாங்கினேன். ருசியை விடுங்க, ஒரு டப்பா காயை ஒரு மணிக்கு தின்னுட்டு மூணரைக்கே பசிச்சா ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ, அப்புறம் எதுக்கு இந்த சாலட்?

அதுக்காக காய் சாலட்டே வேஸ்ட்னு சொல்லல. வீட்ல உக்காந்து உடனே சாப்பிடறவங்களுக்கு, ராத்திரி தோசைக்கு முன்னாடி ஒரு கிண்ணம் சாப்பிடறவங்களுக்கு அருமையான விஷயம். ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஹைதராபாத் சத்துணவு நிறுவனம் 2024ல விட்ட வழிகாட்டில ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற ஒருத்தருக்கு 400 கிராம் காய்கறி, 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகைன்னு தட்டு போட்டுக் காட்டறாங்க. 400 கிராம் காயை ஒரு நாள் தராசுல வெச்சுப் பாருங்க, மலைப்பா இருக்கும். நம்ம வீட்ல பொரியல்னு ஒரு கரண்டி வைக்கறதெல்லாம் அதுல கால்வாசி வந்தாலே பெருசு. அதனால காய் வேணும், ஆனா அது மட்டுமே சாப்பாடா நிக்காது.

ரெண்டாவது சுண்டல் வழி. நம்மாளுங்களுக்கு சாலட்டுன்னாலே வெளிநாட்டு சமாச்சாரம்னு ஒரு நெனப்பு, ஆனா நவராத்திரி ஒம்பது நாளும் நாம சாப்பிடறது என்ன? ராம நவமிக்கு பானகத்தோட குடுக்கற கோசம்பரி என்ன? பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவெச்சு வடிச்சு, பொடியா நறுக்கின வெள்ளரிக்கா இல்ல துருவின கேரட், பச்சமிளகா, தேங்கா, எலுமிச்சை, மேல கடுகு பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது, அடுப்பு வேலை ரெண்டு நிமிஷம். (கோசமல்லின்னு செட்டிநாட்டுப் பக்கம் சொன்னா கத்திரிக்காயை வேகவெச்சு மசிச்சுப் பண்ற அயிட்டம் வரும், இட்லிக்கு ஏ ஒன், ஆனா அது வேற. காரைக்குடி ஃபிரண்டு வீட்ல நான் சாலட் வரும்னு உக்காந்திருந்து குழம்பிப்போனேன்.)

கோசம்பரியையும் கடலைச் சுண்டலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா டப்பாவுக்கு கடலைதான் ஜெயிக்குது. கோசம்பரில ஊறின பருப்பு பச்சையா இருக்கு, வெள்ளரிக்கா தண்ணி விடுது, தேங்கா வேற, இந்த மூணும் சேந்து அஞ்சு மணி நேரம் வெயில்ல தாங்காது, ஒரு தடவை எனக்கு பன்னெண்டரைக்கே லேசா புளிச்ச வாடை வந்துடுச்சு. வெந்த கடலை அப்படி இல்ல, தேங்காயை மட்டும் தவிர்த்துட்டா ஸ்டெடியா நிக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு கப் கறுப்புக் கடலை ஊறப்போட்டா திங்கள் காலைல குக்கர்ல அஞ்சு விசில், வெந்து அஞ்சு கப்புக்கு மேல வரும். புதன் வரைக்கும் வேண்டியது ஃபிரிட்ஜ்ல, மீதி ஃப்ரீசர்ல சின்னச் சின்ன டப்பாவா. ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததை கொதிக்கற தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்தா புதுசு மாதிரியே இருக்கு, வித்தியாசம் கண்டுபுடிச்சா நான் பேரை மாத்திக்கறேன்.

வெள்ளைக் கொண்டைக்கடலையா கறுப்பான்னு கேக்கறவங்களுக்கு, வெள்ளை மெத்துனு இருக்கும், பொண்ணு மாதிரி சின்னவங்களுக்கு அதுதான் பிடிக்குது, கறுப்பு கொஞ்சம் மெல்லணும், அதனாலயே மெதுவா சாப்பிடுவோம். ஊறப்போட மறந்த நாளுக்கு பாசிப்பயறு, அது ஊறாமலே மூணு விசில்ல வெந்துடும், தட்டப்பயறுன்னா சுடுதண்ணில ஒரு மணி நேரம் போட்டாக் கூட சமாளிச்சுக்கலாம். முளைகட்டின பயறை மட்டும் பச்சையா டப்பாவுல கட்டாதீங்க. முளைவிடறதுக்கு வேண்டிய ஈரமும் சூடும்தான் கிருமிக்கும் வேணும், அது பாட்டுக்கு பெருகிடும். அஞ்சு நிமிஷம் ஆவில வெச்சு எடுத்துடுங்க, மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், பரவால்ல. வீட்ல கர்ப்பிணி, வயசானவங்க, சின்னக் குழந்தை இருந்தா இதுல யோசனையே வேணாம்.

சுண்டல் சாலட்ல ஒரே குறை என்னன்னா, அது மட்டும் ஒரு முழு டப்பா சாப்பிட்டா வயிறு உப்புசம். முதல் வாரம் நான் ஒண்ணரை கப் கடலையை அடிச்சுட்டு மதிய மீட்டிங்ல உக்காந்திருந்த அவஸ்தையை இங்க எழுத முடியாது. முக்கால் கப்போட நிறுத்தணும், அப்ப மீதி எடத்துக்கு ஏதாவது வேணும். அங்கதான் தானியம் உள்ள வருது.

எந்த தானியம்ங்கறதுதான் பெரிய பஞ்சாயத்து, இதுல கொஞ்சம் நின்னு சொல்றேன். நான் ட்ரை பண்ணது சாமை, தினை, குதிரைவாலி, வரகு, மாப்பிள்ளை சம்பா, கோதுமை ரவை, சிவப்பு அவல், அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் பேச்சைக் கேட்டு குயினோவா.

குயினோவாவை முதல்ல பேசிடலாம், எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பெரு, பொலிவியா மலைப்பக்கத்து அயிட்டம், 2013ஐ ஐநா குயினோவா ஆண்டுன்னு கொண்டாடினப்புறம் உலகம் பூரா போச்சு. பத்து வருஷம் கழிச்சு 2023 நம்ம சிறுதானியத்துக்கு அதே மாதிரி ஒரு ஆண்டு கிடைச்சது, அது இந்தியா கேட்டு வாங்கினது. சத்துன்னு பாத்தா குயினோவா நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது. 100 கிராம்ல புரதம் சுமார் 13 கிராம், சாமைல 10, வெள்ளை அரிசில 8. நார்ச்சத்துல இன்னும் வித்தியாசம், குயினோவா 14க்கு மேல, சாமை 7 சொச்சம், அரிசி 3 கூட இல்ல. இதைப் பாத்துட்டு வாங்கிட்டேன், அப்புறம் ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டேன். நான் ஒரு டப்பாவுக்கு போடற காஞ்ச தானியம் 60 கிராம்தான். அந்த 60 கிராமுக்கு குயினோவால புரதம் 8 கிராம், சாமைல 6. வித்தியாசம் ரெண்டே கிராம். அந்த ரெண்டு கிராம் ஒரு ஸ்பூன் கடலைல வந்துடுது, அதாவது பத்து கிராம் காஞ்ச கடலை! இந்த ரெண்டு கிராமுக்கா நான் எங்க தெரு கடைல சாமை மாதிரி மூணு மடங்கு விலை குடுத்தேன்னு ஆயிடுச்சு. அதுலயும் அதை நல்லா தேச்சுக் கழுவலன்னா மேல பூச்சு மாதிரி இருக்கற சாப்போனின்ங்கற பொருள் கசக்கும், நாலு தடவை கழுவணும், குட்டிக் குட்டியா இருக்கறதால வடிகட்டில பாதி சிங்க்குக்கு போகுது. ஊறவைக்காம 15 நிமிஷத்துல வெந்துடும்ங்கறது மட்டும் நெசமாவே வசதி. காசு பிரச்சனை இல்லாதவங்க வாங்கிக்கலாம், நான் மறுபடி வாங்கல.

சாமையும் தினையும்தான் எங்க வீட்ல நின்னது. ரெண்டையும் ராத்திரி பூரா ஊறவைக்கணும்னு நெறைய பேர் சொல்றாங்க, அரை மணி நேரமே எனக்கு போதுமா இருக்கு, பல்லு தேய்க்கப் போறதுக்கு முன்னாடி ஊறப்போட்டா போதும். ஆனா குக்கர்ல வைக்காதீங்க. ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, ரெண்டு விசில்னு எல்லாரும் சொல்ற கணக்கு பொங்கலுக்கு சரி, பவுலுக்கு குழைஞ்சுபோகும். அந்தக் காலத்து வடிச்ச சாதம் மாதிரி பண்ணுங்க, பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கட்டும், ஊறின சாமையை வடிச்சுப் போட்டு எட்டாவது நிமிஷத்துல ரெண்டு மணியை எடுத்து விரல் நடுவுல நசுக்கிப் பாருங்க, நசுங்கணும் ஆனா மாவா ஒட்டக்கூடாது, நடுவுல வெள்ளைப் புள்ளி இருந்தா இன்னும் ஒரு நிமிஷம். வடிகட்டில கொட்டி, தாம்பாளத்துல பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு கிளறி ஃபேனுக்குக் கீழ வெச்சுடுங்க. பத்து நிமிஷத்துல உதிரி உதிரியா இருக்கும். தினைக்கு இன்னும் மூணு நாலு நிமிஷம் கூட.

இந்த ரெண்டுல எது? ஆறினப்புறமும் தனித்தனியா நிக்கறது தினை, அதனால எலுமிச்சை, மாங்கா மாதிரி புளிப்பு சாலட்டுக்கு அது. தயிருக்கு சாமை. ஜவ்வாது மலை சாமை கிடைச்சா வாங்குங்க, லேசா பழுப்பு கலர்ல இருக்கும், கடைல கண்ணைப் பறிக்கற வெள்ளைல இருந்தா நல்லா பாலிஷ் போட்டுட்டாங்கன்னு அர்த்தம், நான் மேல சொன்ன நார்ச்சத்து கணக்கெல்லாம் அதுல பாதி கூட வருமோ என்னவோ. தவிடு இருக்கறது சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், அரை அரை கிலோவா வாங்கறது நல்லது.

குதிரைவாலி சீக்கிரமா வேகும், சூடா சாப்பிட்டா அரிசி மாதிரியே இருக்கும், ஆனா ஆறினா கட்டி தட்டிடுது, டப்பாவை கவுத்தா அச்சு மாதிரி வந்து விழும். வரகு எனக்குப் பிடிக்கும், வீட்ல மத்த ரெண்டு பேருக்கும் மண்வாசனை மாதிரி இருக்காம், அதோட முடிஞ்சது. மாப்பிள்ளை சம்பா ருசில இது எல்லாத்தையும் தூக்கி சாப்பிடும், கடிச்சா ஒரு கெத்து இருக்கும், ஆனா ராத்திரி பூரா ஊறணும், குக்கர்ல ஆறு ஏழு விசில் வேணும், வார நாளுக்கு கட்டுப்படி ஆகாது, ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கலாம். கோதுமை ரவையை வறுத்து ஒண்ணுக்கு ரெண்டு தண்ணில வேகவெச்சு, கொத்தமல்லி, புதினா, எலுமிச்சைன்னு கலந்தா லெபனான் பக்கம் பண்ற தபூலே கிட்ட வரும், நல்லாவே இருக்கு, கொஞ்சம் தண்ணி கூடிப்போச்சுன்னா உப்புமா, அப்புறம் பொண்ணு மூஞ்சிய பாக்க முடியாது.

ஒண்ணு சொல்லியே ஆகணும், சிறுதானியம்னா சுகர் ஏறவே ஏறாதுன்னு நெனச்சுட்டு ரெண்டு கப் போட்டுக்கறவங்களை நான் பாக்கறேன், நானே அப்படித்தான் ஆரம்பிச்சேன். சாமைலயும் 100 கிராமுக்கு 65 கிராம் மாவுச்சத்துதான், அரிசில 78. வித்தியாசம் இருக்கு, ஆனா அளவை ரெட்டிப்பாக்கினா அந்த வித்தியாசம் எங்க போச்சுன்னே தெரியாது. வெந்தது ஒரு கப், அதுக்கு மேல இல்ல. டப்பாவுல கால்வாசி தானியம், கால்வாசி கடலை இல்ல பயறு, பாதி காய், நான் கண்ணளவுல இப்படித்தான் போடறேன்.

காய்ல டப்பாவுக்கு தாங்கறது கேரட், முட்டைகோஸ், குடமிளகா, மாதுளை, மாங்கா சீசன்ல கிளிமூக்கு. பீட்ரூட் தாங்கும், ஆனா எல்லாத்தையும் ரத்தக் களறி ஆக்கிடும், தனியா ஒரு மூலைல வைக்கணும். வெள்ளரிக்காயை உப்பு போடாம பெரிய துண்டா வெட்டி மேல வைங்க, தக்காளின்னா நடுவுல இருக்கற கொழகொழ விதையை வழிச்சுட்டு போடுங்க. முள்ளங்கியும் பச்சை வெங்காயமும் சாப்பிடறப்ப நல்லா இருக்கு, சாப்பிட்டப்புறம் பக்கத்து சீட்காரங்களுக்கு நல்லா இல்ல.

மேல ஊத்தறதுக்கு என்னன்னா மயோனீஸ் பக்கம் போகவே வேணாம், நம்மகிட்ட தாளிப்பு இருக்கு. எண்ணெய் காஞ்சு கடுகு வெடிச்சு, காஞ்ச மிளகா, கறிவேப்பிலை, பெருங்காயம், அதை அப்படியே ஆறின தினை மேல கொட்டி எலுமிச்சை பிழிஞ்சா அதுக்கு மேல ஒரு டிரெஸ்ஸிங் கிடையாது. எலுமிச்சை வெறும் புளிப்புக்கு மட்டும் இல்ல, கடலைல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர்றதுக்கும் அதுல இருக்கற விட்டமின் சி ஒத்தாசை பண்ணும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்த வேலை கெட்டுப்போகும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இன்னொரு சீக்ரெட், இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும். ஒரு ஸ்பூன் பொடியை கடலை, கேரட், தினை மேல தூவி பிசறிப் பாருங்க, நான் இதைக் கண்டுபுடிச்ச நாள்ல இருந்து கடை டிரெஸ்ஸிங் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவுலயே செத்துப்போச்சு.

முட்டை, பனீர் சாப்பிடறவங்களுக்கு வேலை இன்னும் சுலபம், ரெண்டு அவிச்ச முட்டைன்னா 12 கிராம் புரதம் அங்கயே ஆச்சு. முட்டையை வீட்லயே உரிச்சு எடுத்துட்டுப் போங்க, ஆபீஸ் பேன்ட்ரில உரிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

பாதுகாப்பு விஷயத்துல சோம்பேறித்தனம் பாக்காதீங்க. வெந்த தானியத்தை ராத்திரி பூரா அடுப்பு மேலயே விட்டுட்டு காலைல டப்பால போடறது ஆபத்து, சாதத்துல வளர்ற பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா விடற நஞ்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது. வெந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ், மூணு நாளுக்குள்ள காலி. ஃபிரிட்ஜ்ல இருந்த தானியம் கல்லு மாதிரி இறுகி இருக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, தண்ணி தெளிச்சு ஆவில நல்லா சூடா காட்டினா பழையபடி வந்துடும், அப்புறம் ஆறவிட்டு காய் சேருங்க.

இப்ப யாருக்கு எதுன்னா, ஆபீஸ்ல மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் ரெண்டும் இருந்தா எந்த பவுலும் ஓகே, இஷ்டம் போல. ரெண்டும் இல்லாம வெயில்ல பஸ் பிடிச்சுப் போறவங்களுக்கு தினை, கடலை, கேரட், எலுமிச்சை தாளிப்பு, இதுக்கு மேல பத்திரமான காம்பினேஷன் எனக்குத் தெரிஞ்சு இல்ல. காலைல பதினஞ்சு நிமிஷம் கூட கிடையாதுங்கறவங்க ஞாயிறும் புதனும் தானியத்தை வேகவெச்சு வெச்சுக்கணும், காய் மட்டும் அன்னன்னிக்கு. எதுவுமே ஊறல, எதுவுமே வேகல, அலாரமும் அடிக்கல, அப்படி ஒரு நாள் மாசத்துல ரெண்டு தடவை வரும் எனக்கு, அன்னிக்கு சிவப்பு அவல். கெட்டி அவலை கழுவி பத்து நிமிஷம் ஊறவிட்டு, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, துருவின கேரட், மேல தாளிப்பு, மொத்தமே பதினஞ்சு நிமிஷம், அதுல பத்து நிமிஷம் நீங்க குளிச்சுட்டு வந்துடலாம்.

பொண்ணு டப்பா மட்டும் இந்தக் கணக்குல எதுலயும் அடங்காது. அவளுக்கு கோஸ் போட்டா கோஸ் மட்டும் அப்படியே திரும்பி வரும், இட்லிப் பொடி காரம், தினை "பறவை சாப்பாடு". அவ முழுசா காலி பண்ணது ஒண்ணே ஒண்ணு, தயிர் சாமை. சாமையை கொஞ்சம் குழைய விட்டு, தயிர் ஒரு பங்குன்னா பால் ஒரு பங்கு ஊத்தி (தயிர் மட்டும் ஊத்தினா மதியத்துக்குள்ள இறுகி புளிச்சுடும்), கேரட்டை பூ மாதிரி துருவி, மேல மாதுளை முத்து. மாதுளை இல்லாம ஒரு நாள் அனுப்பினேன், பாதி டப்பா திரும்பி வந்துச்சு. நாளைக்கு திங்கக்கிழமை, கடலை ஊறிட்டு இருக்கு, சாமையும் எடுத்து வெச்சாச்சு, ஃபிரிட்ஜைத் தொறந்து பாத்தா மாதுளை இல்ல, மணி ஒம்பதே முக்கால், தெருமுனை பழக்கடை பத்து மணி வரைக்கும் இருக்கும்னு நெனக்கறேன், செருப்பு மாட்டிட்டு ஓடறேன்.